ஆஷெண்டனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் உளவாளிப் படங்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஷான் கானரி படம், டேனியல் கிரெய்க் படம், நம்மூர் ஏஜெண்ட் படங்களுக்கு ஒரு பத்தி, எல்லாம் சரி. ஆனால் 1953-இல் ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் வந்த பிறகுதான் உளவுக் கதை என்று ஒன்று உலகத்தில் பிறந்தது என்கிற தோரணையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதற்கு இருபத்தைந்து வருடம் முன்னாலேயே, 1928-இல், ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 'ஆஷெண்டன்' என்ற உளவுக் கதைத் தொகுப்பை வெளியிட்டுவிட்டார். பாண்டை உருவாக்கிய இயான் ஃபிளெமிங்கே மாமின் ரசிகர், நண்பரும்கூட. பாண்ட் கதைகளில் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' என்று ஒரு சிறுகதை உண்டு. விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு கவர்னர் பாண்டை உட்கார வைத்து யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதையைச் சொல்லுவார், அவ்வளவுதான் கதை. துப்பாக்கியை யாரும் தொடக்கூட மாட்டார்கள். அசல் மாம் பாணி. 2008-இல் அதே தலைப்பை வைத்துக்கொண்டு வந்த படத்தில் அந்தக் கதையின் வாடைகூடக் கிடையாது. அது வேறு விஷயம்.

மாம் நமக்குத் தெரியாத ஆளும் இல்லை. 1938-இல் திருவண்ணாமலைக்கு ரமணரைப் பார்க்க வந்தார், வந்த இடத்தில் மயங்கி விழுந்தார், பிறகு ஒரு நாவலில் ரமணரை நினைவூட்டும் ஒரு குருவைப் படைத்தார் என்று நம் ஆன்மிகப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. அதே மனிதர் முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை பார்த்தவர் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். 1915-இல் அவரைப் பிடித்து ஜெனிவாவுக்கு அனுப்பினார்கள். நாடக ஆசிரியர், ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர், அமைதியான ஊரில் உட்கார்ந்து நாடகம் எழுதுகிறேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். புத்தகத்தில் வரும் ஆஷெண்டனும் எழுத்தாளன்தான். அவனை வேலைக்கு எடுக்கும் கர்னலுக்குப் பெயர் கிடையாது, வெறும் 'ஆர்.' மட்டும். பாண்ட் படங்களில் 'எம்' என்று ஓர் எழுத்து மேலதிகாரி வருகிறாரே, அந்த வரிசையில் அவருக்கு மூத்தவர் இவர். முதல் சந்திப்பிலேயே ஆர். கறாராகச் சொல்லிவிடுகிறார்: வேலை நன்றாக நடந்தால் உனக்கு நன்றி வராது, மாட்டிக்கொண்டால் உதவி வராது.

அப்புறம் அந்த வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், அங்கேதான் இந்தப் புத்தகத்தின் ருசியே. ஜெனிவா சந்தையில் வெண்ணெய் விற்கும் கிழவி ஒருத்தி, பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து வருகிறவள். அவளிடம் வெண்ணெய் வாங்குகிற சாக்கில் கையில் கடிதம் மாறும். வாரத்துக்கு ஒருமுறை ஏரியில் கப்பலேறி எதிர்க்கரைக்குப் போய் அறிக்கை கொடுத்துவிட்டு வர வேண்டும். சம்பளம் பட்டுவாடா, ரசீது, காத்திருத்தல். இதில் தான் ஒரு பெரிய யந்திரத்தின் சின்ன ஆணி என்பது ஆஷெண்டனுக்குத் தெரியும், யந்திரம் எதைச் செய்கிறது என்பது தெரியாது. ஒரு கதையை ஆரம்பத்தில் மட்டும் பார்ப்பான், இன்னொன்றை நடுவில், முடிவு பெரும்பாலும் அவன் கண்ணில் படாது. பேசல் நகரத்தில் குஸ்தாவ் என்று ஓர் ஒற்றன். ஜெர்மனிக்குள் போய் வந்து எழுதுகிற அறிக்கைகள் அவ்வளவு பிரமாதம், மற்ற ஒற்றர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஆசாமி ஊரை விட்டு நகரவே இல்லை. பத்திரிகையில் படித்ததையும் ஊரில் காதில் விழுந்ததையும் வைத்து வீட்டிலேயே உட்கார்ந்து எழுதித் தள்ளியிருக்கிறான். (செய்தி அறையில் இருக்கிற உங்களுக்கு இந்தக் கதை நிச்சயம் பிடிக்கும்.)

உளவு வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவது, அதில் பாதிக்கு மேல் பிரயோஜனமில்லாதது, அதிலிருந்து கிடைக்கிற சரக்கு துண்டு துண்டாக இருக்கும், அதைக் கோத்துக் கதையாக்குவது எழுத்தாளன் பாடு என்கிற பொருளில் மாமே பின்னாளில் முன்னுரையில் எழுதியிருக்கிறார். நான் சொல்ல வந்ததும் இதை ஒட்டித்தான். சலிப்பும் பாதியில் நிற்கிற கதைகளும்தான் இந்தப் புத்தகத்தின் உயிர், திரைக்காரர்களுக்கு ஆகாததும் அதுவேதான். ஒவ்வொரு முறையும் அவர்கள் ஆஷெண்டனுக்கு எதையாவது கொடுத்து ஆறுதல்படுத்திவிடுகிறார்கள். காதலி, குற்ற உணர்ச்சி, நல்ல முடிவு, ஏதோ ஒன்று.

1936-இல் ஹிட்ச்காக் எடுத்த 'சீக்ரெட் ஏஜெண்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (பெயரைப் பார்த்து ஜோசஃப் கான்ராடின் நாவல் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நாவலையும் ஹிட்ச்காக் அதே வருடம் எடுத்தார், ஆனால் அதற்கு 'சபோட்டாஜ்' என்று பெயர் வைத்தார். இணையத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு.) படம் ஆரம்பிக்கிற விதம் அருமை. ஒரு ராணுவ அதிகாரிக்கு அஞ்சலி செலுத்திவிட்டு எல்லாரும் போகிறார்கள். பக்கத்தில் நின்ற ஒற்றைக் கை மனிதர், கடைசி ஆள் வெளியேறியதும், சவப்பெட்டி மேலிருக்கும் மெழுகுவர்த்தியில் சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கப் பார்க்கிறார், அது சரிந்து விழுகிறது, உள்ளே ஒன்றுமில்லை. செத்ததாக அறிவிக்கப்பட்ட அந்த அதிகாரிதான் இனிமேல் ஆஷெண்டன். ஜான் கீல்குட் நடித்திருக்கிறார். அப்போது அவர் மேடையில் ஷேக்ஸ்பியர் நடிகராகக் கொடி கட்டிப் பறந்த நேரம், இது நவீன ஹாம்லெட் மாதிரியான பாத்திரம் என்று சொல்லித்தான் ஹிட்ச்காக் அவரை இழுத்தாராம்.

படம் எடுத்துக்கொண்டது இரண்டு கதைகளை. ஒன்று 'முடியில்லாத மெக்சிகன்'. கார்மோனா என்கிற வாடகைக் கொலைகாரன், விக் வைத்துக்கொண்டு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு திரிகிறவன், துருக்கியிலிருந்து ஜெர்மானியருக்கு ஆவணங்கள் கொண்டுபோகும் ஒரு கிரேக்கனைத் தீர்த்துக்கட்ட இத்தாலிக்கு வருகிறான், ஆஷெண்டன் கூடவே பணத்தோடு போகிறான். மற்றது 'துரோகி'. ஜெர்மானிய மனைவியோடும் ஒரு நாயோடும் லுசேர்னில் வாழ்கிற கெய்ப்பர் என்கிற இங்கிலாந்துக்காரன், ஜெர்மனிக்கு வேலை பார்க்கிறவன். ஆஷெண்டன் அவர்கள் தங்கியிருக்கும் விடுதியிலேயே தங்கி, மனைவியிடம் ஜெர்மன் பாடம் படித்து, சிநேகமாகப் பழகி, அவனாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பிப் போய் மாட்டிக்கொள்ளும்படி செய்கிறான். போனவன் சுடப்படுகிறான். மனைவி கடிதம் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் திரும்புகிறாள், ஒரு நாள் நாய் தலையைத் தூக்கி நீளமாக ஊளையிடுகிறது, அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

ஹிட்ச்காக் இரண்டையும் ஒட்டிவிட்டார். மெக்சிகன் கொல்ல வேண்டிய ஆள் கெய்ப்பர் என்று ஆக்கி, கெய்ப்பர் ஒரு பாவமும் அறியாதவர் என்றும் ஆக்கிவிட்டார். மலை உச்சியில் கெய்ப்பரைத் தள்ளப்போகிற நேரத்தில் ஆஷெண்டன் தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருப்பான், விடுதி அறையில் நாய் கதவைப் பிறாண்டிக்கொண்டு ஊளையிடும், மனைவி திரும்பிப் பார்ப்பாள். தொழில் என்று பார்த்தால் இதற்கு மேல் செய்ய முடியாது. பீட்டர் லாரி வேறு மெக்சிகனாக வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார், தலை நிறையச் சுருள் முடியோடு. ஏன் முடியில்லாத மெக்சிகன் என்றால், நிறைய முடி இருப்பதாலும் அவன் மெக்சிகன் இல்லாததாலும் என்று படத்திலேயே ஒரு கிண்டல். ஜெர்மன் ஒற்றர்களின் தபால் நிலையமே ஒரு சாக்லேட் தொழிற்சாலைதான். சுவிட்சர்லாந்து என்றால் என்ன இருக்கிறது, சாக்லேட், ஆல்ப்ஸ், கிராமிய நடனம், ஏரி, அதையெல்லாம் கதைக்குள் நுழைத்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு எடுத்ததாக ஹிட்ச்காக் பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போன சரக்கு எது என்று பாருங்கள். மாமின் கெய்ப்பர் நிஜமாகவே துரோகி. பணத்துக்காகத் தன் நாட்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன். அவனே மனைவி மேல் உயிராக இருக்கிறான், பூக்களை ரசிக்கிறான், நாயைக் கொஞ்சுகிறான். சாக வேண்டியவன்தான் என்று தெரிந்தும் நமக்குத் தொண்டை அடைக்கிறது. அதுதான் கஷ்டமான இடம். நிரபராதி செத்தால் யாருக்கும் பரிதாபம் வரும், அதற்கு மாம் தேவையில்லை. அப்புறம், படத்தில் ஆஷெண்டனின் மனைவியாக நடிக்க அனுப்பப்படும் உளவாளியாக வருகிற மேடலின் கரோல். புத்தகத்தில் ஆஷெண்டனுக்கு மனைவியும் இல்லை, மனைவி வேஷம் போட வந்த சக பெண் ஒற்றரும் இல்லை. காம்பெல் டிக்சன் என்பவர் எழுதிய ஒரு நாடகத்தின் உபயம் அது. கடைசியில் ரயிலைக் குண்டு போட்டுக் கவிழ்த்து, நிஜ ஜெர்மன் ஒற்றனையும் கொலைகார மெக்சிகனையும் ஒரே இடிபாட்டில் தீர்த்துவிட்டு, ஆஷெண்டனும் அவளும் தம்பதியாகி, இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று மேலதிகாரிக்கு எழுதிப் போடுகிறார்கள். சுபம்.

'முடியில்லாத மெக்சிகன்' கதைக்கு மாம் எழுதிய முடிவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆஷெண்டனுக்குச் சங்கேதத் தந்தி வருகிறது. சங்கேதத்தைப் பெயர்க்கும்போது அவனுக்கு ஒரு பழக்கம், அர்த்தத்தைக் கவனிக்கவே மாட்டான். நடுவில் அர்த்தத்தைப் பிடிக்கப் போனால் அவசரப்பட்டு ஏதாவது ஊகித்துத் தப்பாகிவிடும் என்பதால், எழுத்தெழுத்தாக யந்திரம் போல எழுதிக்கொண்டே போய், முடிந்த பிறகுதான் படிப்பான். அப்படி எழுதி முடித்துப் படித்தால், அந்தக் கிரேக்கன் உடம்பு சரியில்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டான், கப்பலே ஏறவில்லை என்றிருக்கிறது. அப்படியானால் மெக்சிகன் கொன்றது யாரை? அவ்வளவுதான், கதை முடிந்தது. செத்தவன் யார் என்பதைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

1991-இல் பிபிசி நாலு பகுதியாக எடுத்த 'ஆஷெண்டன்' தொடர் இன்னும் நிதானமானது. அலெக்ஸ் ஜென்னிங்ஸுக்கு அந்தப் பாத்திரம் பொருந்துகிறது, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே எதிராளியை எடைபோடும் முகம். கெய்ப்பராக நாடக ஆசிரியர் ஆலன் பென்னட் நடித்திருக்கிறார், அதற்காகவே ஒருமுறை பார்க்கலாம். ருஷ்யப் புரட்சிக் காலத்துக் கதையையும் எடுத்திருக்கிறார்கள். மாம் 1917-இல் ருஷ்யாவின் இடைக்கால அரசான கெரன்ஸ்கி அரசைத் தாங்கிப் பிடித்து ருஷ்யாவைப் போரிலேயே நிறுத்தி வைக்கும் வேலையாக, பணத்தோடு ஜப்பான் வழியாக விளாடிவாஸ்டாக் போய் ரயிலேறிப் பெட்ரோகிராட் போனது நிஜம். தோற்றுப்போய்த் திரும்பியதும் நிஜம். கதையில் அவனோடு பயணம் செய்யும் ஹாரிங்டன் என்கிற அமெரிக்க வியாபாரி, வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசி உயிரை வாங்குகிறவர், தெருவில் சண்டை நடக்கும்போது சலவைக்குப் போட்ட துணியை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். முடிவைச் சொல்லவில்லை, படித்துக்கொள்ளுங்கள். என் குறை என்னவென்றால், பிபிசிக்காரர்களும் உடையலங்காரம், பழைய ரயில், ஏரிக்கரை விடுதி என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக எடுத்துவிட்டார்கள். புத்தகம் படிக்கும்போது வருகிற அந்த இலேசான அருவருப்பு வரவில்லை.

இதெல்லாம் கிடக்கட்டும். உங்கள் கட்டுரையில் இது விட்டுப்போனதற்கு நான் இவ்வளவு ஆதங்கப்படுவதற்குக் காரணம் 'ஜூலியா லசாரி' என்கிற கதை. அது நம் கதை.

அதில் ஆர். பிடிக்க நினைப்பது சந்திரலால் என்கிற இந்தியப் புரட்சியாளனை. ஜெர்மானியர் உதவியோடு இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்க்கிறவன், இந்தியாவிலும் வெளியிலும் அவனைப் போல் ஆபத்தானவன் கிடையாது என்கிறார். நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இருக்கும்வரை அவனைத் தொட முடியாது. அவனுக்கு ஒரு பலவீனம், ஜூலியா லசாரி என்கிற இத்தாலிய நாட்டியக்காரி. அவளை இங்கிலாந்தில் பிடித்து வைத்துக்கொண்டு, சிறையா, காதலனுக்குக் கடிதமா என்று மிரட்டுகிறார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு மண்ணிலுள்ள தோனோனுக்கு அவனை வரவழைக்க வேண்டும். பக்கத்தில் இருந்து கடிதம் எழுத வைப்பது ஆஷெண்டன். அவள் அழுகிறாள், காலில் விழுகிறாள், கடைசியில் எழுதுகிறாள். அவன் கப்பலேறி வருகிறான், பிடிபட்ட கணத்திலேயே விஷம் குடித்துவிடுகிறான். எல்லாம் முடிந்த பிறகு அவள் ஆஷெண்டனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: போன கிறிஸ்துமஸுக்கு நான் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தேன், பன்னிரண்டு பவுண்டு ஆனது, அதைத் திருப்பித் தருவீர்களா? ஆங்கிலத்தில் நான் படித்த சிறுகதை முடிவுகளில் இவ்வளவு குரூரமான ஒன்று அதிகம் இல்லை.

நடுவில் ஓர் உரையாடல் வரும். ஆர். அவனைக் குண்டு வைக்கிறவன் என்று திட்டுகிறார். ஆஷெண்டன், கையில் பீரங்கியும் பட்டாளமும் இருந்தால் அவன் ஏன் குண்டு வைக்கப் போகிறான், கிடைத்த ஆயுதத்தை எடுத்திருக்கிறான், தனி ஆளாக அவ்வளவு பெரிய அரசை எதிர்க்கிறவனைப் பார்த்து மலைக்காமல் இருக்க முடியவில்லை என்கிற மாதிரி சொல்கிறான். 1928-இல் ஓர் ஆங்கிலேய உளவாளி தன் புத்தகத்தில் இதை அச்சில் ஏற்றியிருக்கிறார். அதே சந்திரலாலின் முகத்தை வர்ணிக்கும்போது மட்டும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே சுற்றில் ஆர். பாரிஸில் ஒரு பெரிய உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, சர்வருக்கு எவ்வளவு டிப்ஸ் வைப்பது, கூட வைத்தால் ஏமாளி, குறைத்து வைத்தால் கேவலம் என்று திணறுவார். ஒரு மனிதனின் உயிருக்கு வலை விரிக்கும்போது துளியும் தயங்காதவர் இந்த இடத்தில் தயங்குகிறார். இந்தக் காட்சியைப் படமாக்க ஒரு காசு செலவில்லை!

சந்திரலாலுக்கு மாதிரி யார் என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்தான்: வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, சரோஜினி நாயுடுவின் தம்பி. (இன்னொரு தம்பி ஹரீந்திரநாத் சினிமாவில் நடித்தவர், சத்யஜித் ராய் படங்களில் பார்த்திருப்பீர்கள்.) நிஜ வீரேந்திரநாத் ஏரிக்கரையில் சாகவில்லை. பெர்லினிலிருந்து கடைசியில் சோவியத் நாட்டுக்குப் போய், 1937-இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். ஆர். என்பவருக்கு மாதிரி ஜான் வாலிஞ்சர், இந்தியப் போலீஸில் இருந்தவர். 1909-இல் மதன்லால் திங்ரா லண்டனில் கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்ட பிறகு, ஐரோப்பாவிலிருந்த இந்திய மாணவர்களையும் புரட்சியாளர்களையும் வேவு பார்க்க அனுப்பப்பட்ட ஆள். வாலிஞ்சரின் ஆட்கள் கண் வைத்திருந்த, லண்டனில் இந்திய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸ் வட்டத்தில் வீரேந்திரநாத் இருந்தார், நம் வ.வே.சு. ஐயரும் இருந்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என்று யாரைச் சொல்கிறோமோ அதே ஐயர். உளவுச் சிறுகதையின் முன்னோடியை வேலைக்கு வைத்தவரின் அலுவலகம்தான் நம் முன்னோடியின் வட்டத்தையும் கண்காணித்தது. இன்னும் கிட்டத்தில் பார்த்தால், திருவனந்தபுரத்துத் தமிழர் செண்பகராமன் பிள்ளை 1914-இல் ஜூரிக்கில் இந்திய விடுதலைக்காக ஒரு குழு ஆரம்பித்து, அதே வருடம் பெர்லினுக்குப் போய் வீரேந்திரநாத்தின் குழுவோடு சேர்ந்தவர். மாம் ஜெனிவாவில் வெண்ணெய் வாங்க வந்தது அதற்கு அடுத்த வருடம்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு நாம் பாண்ட் எந்தக் கார் ஓட்டினார் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஹிட்ச்காக் இந்தக் கதையைத் தொடவில்லை, 1936-இல் லண்டனில் ஓர் இந்தியப் புரட்சியாளனுக்குக் கண்ணீர் விடும் படத்தை யார் எடுக்க விட்டிருப்பார்கள். நம் ஆட்கள் எடுக்கலாம். ஏரியின் சுவிஸ் கரையிலுள்ள லோசானில் கடிதத்துக்காகக் காத்திருக்கும் சந்திரலாலின் பக்கத்திலிருந்து எடுக்கலாம். புத்தகத்தில் அவன் உயிரோடு தலைகாட்டுவது கடைசியில் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. கொஞ்ச காலமாக நம் இயக்குநர்கள் சுதந்திரப் போராட்டக் கதை என்றால் ஆயிரம் பேரைக் குதிரையில் ஏற்றிவிடுகிறார்கள். இதற்கு ஓர் ஏரி, ஒரு விடுதி அறை, நாலு நடிகர்கள் போதும். தயவுசெய்து பாட்டு வைக்க வேண்டாம்.

உரிமைப் பணம் பெரிதாகக் கேட்பார்களே என்றும் யோசிக்க வேண்டியதில்லை. மாம் இறந்தது 1965 டிசம்பரில். நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரைதான் காப்புரிமை, ஆக 2026 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இந்தக் கதைகள் எல்லாருக்கும் பொது. தமிழில் மொழிபெயர்க்கவும் யாரையும் கேட்க வேண்டாம். முதல் மொழிபெயர்ப்பாக உங்கள் ஞாயிறு இணைப்பிலேயே 'ஜூலியா லசாரி'யை இரண்டு வாரமாகப் பிரித்துப் போடுங்கள், படம் வரைய நல்ல ஓவியராகப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.